நாய்க்கு வந்த வலிப்பு

நாய்க்கு வலிப்பு வருகிறது என்று அப்பா சொன்னபோது, மாதவி இரண்டாம் மாடிப் படிக்கட்டின் வளைவில் தன் நாய் கேஷ்டோவின் சங்கிலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். காலை நடைக்குக் கிளம்பிய நேரம். கீழே நிற்பவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். ஆனால் லேக் கார்டன்ஸின் அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் யார் பேசினாலும், பேச்சு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிடும்.

"என்ன ஸார், யாருக்கு இந்த மாத்திரை?" தரைத்தளத்து சேஷாத்ரி மாமாவின் குரல். "மருந்துக்கடைப் பையன் உங்காத்துதுன்னு சொல்லி எங்காத்துல குடுத்துட்டுப் போயிட்டான். எங்க மன்னியோட தம்பிக்கு இதே மாத்திரைதான். காக்கா வலிப்பு."

அப்பா பையை வாங்கும் சரசரப்பு கேட்டது.

"நாய்க்கு," என்றார்.

"நாய்க்கா?"

"ஆமா. அதுக்கு அப்பப்போ வரும். என்ன பண்றது, வளத்தாச்சு."

அந்த நேரம் பார்த்து, கட்டடத்தின் செயலாளர் மித்ரா-பாபு மீன் பையோடு படியேறி வந்தார். என்ன விஷயம் என்று வங்காளியில் கேட்டார். அப்பா திரும்பி, மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் ஊறிய, வங்காளிகளே மெச்சும் தன்னுடைய வங்காளியில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்.

"குகுர்டார் ம்ரிகி ஆச்சே."

நாய்க்கு வலிப்பு இருக்கிறது. அவ்வளவுதான். வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

மாதவிக்கு முதலில் அசட்டுத்தனமாகச் சிரிப்பு வந்தது. பிறகு குனிந்து கேஷ்டோவைப் பார்த்தாள். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல வாலை ஒரு தடவை சுவரில் தட்டியது. அந்தத் தட்டலில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கொதிக்கும் பால் விளிம்புக்கு வருவதுபோல, சத்தமில்லாமல் ஏறி வந்தது.

வலிப்பு அவளுக்கு.

பதின்மூன்று வயதில், காளிகாட் மெட்ரோ நடைமேடையில் முதல் தடவை வந்தது. கண் விழித்தபோது ஒரு முகக்கூட்டம் கூரை மாதிரி கவிந்திருந்தது. மூக்கின் மேல் யாருடைய தோல் செருப்போ இருந்தது. வலிப்பு வந்தவர்களுக்குச் செருப்பை முகரக் கொடுத்தால் தெளியும் என்பது இந்த ஊர் வைத்தியம். அம்மா காமுவின் வைத்தியம் வேறு. அவள் அழுதுகொண்டே கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தாள். சாவிகளை மாதவி மன்னித்துவிட்டாள். அந்தச் செருப்பை மன்னிக்கவில்லை. யாரோ ஒருவன் காளிகாட் சேற்றில் மிதித்து வந்த செருப்பு அது. அதன் வாடை இத்தனை வருஷம் கழித்தும், மழைநாளில் மெட்ரோ படிகளைக் கடக்கும்போது அவள் தொண்டையில் வந்து உட்காரும்.

அன்றைக்கு மறுநாளே அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். பிறகு மாடிக் கதவைப் பூட்டினார். பிறகு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, வீடே பூட்டிக்கொண்டது. கல்லூரிக்கு அம்மா கூட வந்தாள், வகுப்பறை வாசல் வரை. எம்.ஏ. முடித்த பிறகு வேலை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, நூலக அட்டைக்குக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தாள். பனி பெய்யும் ஊர்களின் தெருக்கள் அவளுக்கு மனப்பாடம். நாலு தெரு தள்ளி இருக்கும் ஏரிக்கு அவள் தனியாகப் போனதில்லை.

நாய் வந்தது ஒரு தீக்காயத்தால். அடுப்படியில் விழுந்து முழங்கை வெந்துபோன பிறகு, டாக்டரின் அறை வாசலில் காத்திருக்கும்போது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அவள் படித்தாள். வலிப்பு உள்ளவர்களுக்கு உதவ அங்கே நாய்களைப் பழக்குகிறார்களாம். விழுந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்ளுமாம், ஆளைக் கூட்டி வருமாம். டாக்டரிடம் காட்டினாள். "இந்த ஊரிலா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். வெங்கடநாராயணன், வங்கியில் நாற்பது வருஷம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், நாயை வாழ்நாளில் தொட்டறியாதவர், அடுத்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு டாலிகஞ்சுக்குப் போனார். அங்கே ஒரு ஸ்டுடியோவுக்குப் பின்னால் ரீட்டா-தி என்ற பழைய துணை நடிகை, சினிமாவுக்கு நாய் பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தவன் பக்கத்துல படுக்கணும், ஓடிப்போய் புடவையைப் பிடிச்சு இழுத்து ஆளைக் கூட்டிவரணும். அவ்வளவுதானே?" ரீட்டா-தி பீடிப் புகையை ஊதினாள். "ஸ்டுடியோவில் எந்த ஹீரோ சுடப்பட்டாலும் என் நாய்கள் வேற என்ன செய்யறதாம்?"

கேஷ்டோ ஒரே ஒரு படத்தில் நடித்திருந்தது. அந்தக் காட்சியையும் வெட்டிவிட்டார்களாம். ரீட்டா-தி வீட்டுக்கே வந்து பழக்கினாள். மாதவி கூடத்தில் விழுவாள். எழுவாள். மறுபடி விழுவாள். அப்பாவும் விழுந்து பார்த்தார். வேட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஐயோ" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஒருக்களித்துப் படுத்தார். கேஷ்டோ அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. "நடிப்பு போதாது, பாபு," என்றாள் ரீட்டா-தி. அன்றைக்கு வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கேஷ்டோ என்றால் கிருஷ்ணன். "பகவான் பேரைச் சொல்லி எப்படிடி விரட்டறது?" என்று முணுமுணுத்த அம்மாவும், தயிர்சாதத்தைத் தட்டில் வைக்கப் பழகிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில், திருட்டு பயத்துக்காக வளர்ப்பதாகச் சொல்லியாயிற்று.

யாரும் பழக்காத ஒன்றையும் அது தானாகக் கற்றுக்கொண்டது. இரண்டாவது மழைக்காலத்தில், ஒருநாள் மாதவியின் முழங்காலில் தலையை வைத்து அழுத்தி, மெல்லிசாக முனகி, நகரவிடாமல் நின்றது. என்னவென்று புரியாமல் அவள் தரையில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வலிப்பு வந்தது. மறுமுறையும் அப்படியே. அதற்கப்புறம் அவள் விழவே இல்லை. அது முட்டும், அவள் பத்திரமான இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அந்த வருஷம் குளிர்காலத்தில், அவளும் அதுவும் மட்டும் ஏரிக்கரைக்குப் போனார்கள். தண்ணீரில் படகுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கடலை விற்பவன் "திதி, பாதாம்?" என்றான், அக்கா, கடலை வேண்டுமா என்று. தனியாக நிற்கும் ஒரு பெண்ணிடம் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டான். அவள் வாங்கித் தின்றாள். காலிப் பொட்டலத்தை வீட்டுக்கு வரும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

அந்த நாய்க்குத்தான் வலிப்பாம்.

வாரத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மித்ரா-பாபுவின் மருமகள் மாதவியைப் படியில் கண்டால் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதல் மாடிச் சிறுவர்கள், "பாக்லா குகுர்", பைத்தியக்கார நாய், என்று கத்திவிட்டு ஓடினார்கள். வலிப்பு நாய் கடித்தால் கடிபட்டவனுக்கும் வலிப்பு வரும் என்று ஒருவர் சொன்னார். அதன் எச்சில் பட்டாலே போதும் என்று இன்னொருவர் திருத்தினார். ஒவ்வொரு வாக்கியத்திலும் நாய் என்ற இடத்தில் மாதவி தன்னை வைத்துப் பார்த்தாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

சனிக்கிழமை மாலை மித்ரா-பாபுவும் சேஷாத்ரி மாமாவும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா காபி கொண்டுவந்தாள்.

"வெங்கட்-பாபு, தப்பா எடுத்துக்காதீங்க," என்று மித்ரா-பாபு வங்காளியில் இழுத்தார். "குழந்தைங்க இருக்கிற கட்டடம். நோய் பிடிச்ச பிராணி. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் நாய் வண்டி வெச்சிருக்கான். நாளைக்குக் காலையில வரச் சொல்லட்டுமா?"

சேஷாத்ரி மாமா தமிழுக்கு மாறினார். "நாளைக்குத்தானே துர்காபூர்லேர்ந்து பட்டாபிராமன் குடும்பம் வரா? நான் சொல்லி வரா. பொண் பாக்க வந்த எடத்துல நாய் வாயில நுரை தள்ளிண்டு கெடந்தா நன்னாவா இருக்கும்? இப்பவே கீழ தூண்ல கட்டிடலாம்."

வாயில் நுரை தள்ளிக்கொண்டு. மாதவி அடுப்படி வாசலில் நின்றபடி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். நாற்பது வருஷம் வாடிக்கையாளர்களுக்கு முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிப் பழகிய வாய் அது.

"உங்க இஷ்டம்," என்றார் அப்பா.

அவர்கள் கேஷ்டோவை இழுத்துக்கொண்டு கீழே போனதும் அவள் கதவைச் சாத்தினாள்.

"எனக்குத்தான்னு சொல்லுங்கோப்பா. போய்ச் சொல்லுங்கோ."

"மெதுவா பேசு. ஜன்னல் தெறந்திருக்கு."

"தெறந்திருக்கட்டும்! அதுக்கு வியாதின்னு சொல்லும்போது ஜன்னல் மூடியா இருந்தது?"

"வண்டிக்காரன் கையில குடுப்பேனாடி? அவா முன்னாடி தலையாட்டி வெச்சேன். விடிஞ்சதும் நானே ரீட்டா-திகிட்ட கொண்டு விட்டுடறேன். கல்யாணம் ஆகட்டும், திருப்பிக் கொண்டுவந்துடலாம்."

"கல்யாணம் ஆனப்புறம் நான் விழும்போது அவா என்ன பண்ணுவா?"

அம்மா குறுக்கே வந்தாள். "ஒரு வருஷம் போகட்டுமே. மாப்பிள்ளைகிட்ட நாசூக்கா சொல்லிக்கலாம்."

"எப்படிம்மா நாசூக்கா? நாசூக்கா வெட்டி இழுத்துக்கவா?"

அம்மா முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவள் அழுதால் மாதவி எப்போதும் தணிந்துபோவாள். அன்றைக்குத் தணியவில்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் அவள்மேல் அன்பு இருக்கிறது. அந்த அன்பு ஒரு கனத்த கம்பளி. அதை அவள் தலையோடு போர்த்தி, மூச்சு முட்டுகிறதா என்று கேட்கக்கூட மறந்துவிட்டார்கள். இருந்தாலும் ரீட்டா-தி என்ற பெயரை அவள் நம்பினாள். டாலிகஞ்ச் பக்கம்தானே, போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அவள் படித்த பனி பெய்யும் ஊர்களில் கெட்டவர்கள் தாமதமாகவாவது வருந்துவார்கள். அவள் அப்பா கெட்டவர்கூட இல்லையே.

காலையில் அம்மா அவளுக்கு அரக்குப் பட்டைக் கட்டிவிட்டு, முழங்கைத் தீக்காயம் தெரியாமல் ரவிக்கைக் கையை இழுத்துவிட்டாள். தலையில் பூ வைக்கும்போதுதான் கீழே கேஷ்டோவின் ஊளை கேட்டது. மாதவி சன்னலுக்கு ஓடினாள். வாசலில் கம்பிவலை போட்ட வண்டி ஒன்று நின்றது. இருவர் கேஷ்டோவின் கழுத்தில் கம்பிச் சுருக்கை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது நான்கு காலையும் ஊன்றி, கட்டடத்தின் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பி, இந்தச் சன்னலைத் தேடியது.

"ரீட்டா-தின்னேளே?"

அப்பா ஜரிகை அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நான் கெளம்பறதுக்குள்ள வண்டி வந்து நின்னா நான் என்ன பண்றது? சேஷாத்ரி..."

அவள் மிச்சத்தைக் கேட்கவில்லை. பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், படிகளில் இறங்கினாள். "விழுந்துடுவேடி!" என்ற அம்மாவின் குரல் பின்னாலேயே வந்தது. அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த தாலாட்டு அதுதான்.

வாசலில் பாதிக் கட்டடம் கூடியிருந்தது. அதே நேரம் ஒரு மஞ்சள் டாக்சி வந்து நின்றது. பட்டாபிராமனும் அவர் மனைவியும் மகனும், பழத்தட்டும் பூவுமாக இறங்கினார்கள். தாங்கள் பார்க்க வந்த பெண், பூ பாதி வைத்த தலையோடு நாய்க்கும் வண்டிக்கும் நடுவே நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"விடு," என்றாள் மாதவி வண்டிக்காரனிடம்.

"திதி, நோய் நாய்."

"நாய்க்கு ஒரு நோயும் இல்லை. வலிப்பு எனக்கு." வங்காளியில்தான் சொன்னாள். தெருமுனை டீக்கடை வரை கேட்கும்படி சொன்னாள். "பதின்மூன்று வயசிலிருந்து எனக்கு. அந்த மாத்திரை எனக்கு."

பன்னிரண்டு வருஷம் தொண்டையில் கிடந்த வார்த்தைகள். வெளியே வந்தால் இடி இடிக்கும் என்று நினைத்திருந்தாள்.

சேஷாத்ரி மாமா சிரித்தார்.

"கொழந்தைக்கு அதுமேல ரொம்பப் பாசம்," என்று பட்டாபிராமனிடம் தமிழில் சொல்லிவிட்டு, அதையே மித்ரா-பாபுவுக்கு வங்காளியில் சொன்னார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். ஆஹா, பாவம், நாய்க்காக எப்படியெல்லாம் சொல்கிறாள் பெண். யாரும் நம்பவில்லை. அப்பாவின் பொய் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. அவளிடமிருந்து அவளுடைய நோயையே பிடுங்கி நாயின் கழுத்தில் மாட்டியாயிற்று. இப்போது அவள் கேட்டாலும் திருப்பித் தரமாட்டார்கள்.

"வெங்கட்-பாபு, உண்மையா?" மித்ரா-பாபு கேட்டார்.

அப்பா கடைசிப் படியில் நின்றார். பக்கத்தில் அம்மா. எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. அவர் பட்டாபிராமனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

வண்டிக்காரன் சுருக்கை இழுத்தான். கேஷ்டோ இழுப்புக்கு எதிராக, கம்பி கழுத்தை அறுப்பதையும் பொருட்படுத்தாமல், அவள் பக்கம் நகர்ந்தது. ஒரு முழம். இன்னொரு முழம். தலையை அவள் முழங்காலில் வைத்து அழுத்தியது. மெல்லிசாக முனகியது.

மாதவிக்குப் புரிந்தது.

மேலே போகலாம், நேரம் இருக்கிறது. போய்க் கட்டிலில் படுத்துக் கதவைச் சாத்திக்கொண்டால், வருவது வந்து போய்விடும். யாருக்கும் தெரியாது. அம்மாவும் பார்த்துவிட்டாள். அந்த முட்டலின் அர்த்தம் அவளுக்கும் தெரியும். "மாது, மேல வா," என்று கைகாட்டினாள், ரகசியமாக, கெஞ்சலாக. "வாடி, சீக்கிரம்."

உடம்பு தானாகவே படியை நோக்கித் திரும்பியது. அத்தனை வருஷப் பழக்கம். அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு வாசல் சிமென்டுத் தரையில், எல்லாருக்கும் நடுவில், அரக்குப் பட்டோடு உட்கார்ந்தாள். வளையல்களைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"போகாதீங்க," என்றாள் எல்லாரிடமும். "இப்போ வரும். இந்த நாய் எனக்குச் சொல்லிவிட்டது. நம்பாதவர்கள் நின்று பாருங்கள்." புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும். என்னை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போதும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. என் மூக்கில் எவனாவது செருப்பை வைத்தால்..."

யாரோ சங்கடமாக இருமினார்கள். டாக்சியின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. துர்காபூர்ப் பையன் பழத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். ஒருவரும் போகவில்லை. கேஷ்டோ அவள் இடுப்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. மாதவி அதன் மடிந்த காதைப் பிடித்துக்கொண்டாள். வாசல் கேட்டின் கம்பிகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பிறகு ஒவ்வொரு வலிப்பிலும் வரும் அந்தப் பழைய வெளிச்சம்.

கண் விழித்தபோது முகக்கூட்டம் இல்லை. எல்லாரும் நாலடி தள்ளியே நின்றார்கள். விலாவோரம் கதகதப்பாகக் கேஷ்டோ இருந்தது. அதன் கழுத்தில் கம்பிச் சுருக்கு அப்படியே தொங்க, மறுமுனை ஒருவர் கையிலும் இல்லாமல் தரையில் கிடந்தது. சற்றுத் தூரத்தில் ஒரு தோல் செருப்பு, பல்தடம் பதிந்து, வார் அறுந்து கிடந்தது. சேஷாத்ரி மாமா ஒற்றைக் காலில் செருப்போடும் ஒற்றைக் காலில் செருப்பில்லாமலும் நின்றார். டாக்சி போய்விட்டிருந்தது. அதோடு பழத்தட்டும்.

அப்பா அவள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜரிகை அங்கவஸ்திரம் மடித்து அவள் தலைக்கு அடியில் இருந்தது. அதில் அவள் எச்சில்.

"மயக்கம்தான், ஸார்," சேஷாத்ரி மாமா குனிந்து அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "கார்த்தாலேர்ந்து வெறும் வயிறு, மேல இந்த அழுகை. மயக்கம்னு நான் அவாளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். எல்லாம் சரியாயிடும்."

நல்ல மனிதர். இன்னொரு பொய்யைத் தயாராக, சூடாக, கையில் வைத்திருந்தார். அப்பா அதைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் மாதவி நினைத்தாள்.

"மயக்கம் இல்ல," என்றார் அப்பா. "வலிப்பு. அவளுக்குத்தான். நாய்க்கு ஒண்ணுமில்ல. நான்தான் பொய் சொன்னேன்."

தமிழில் சொன்னார். சேஷாத்ரி மாமாவுக்கு மட்டும் கேட்கும்படி, காதோடு காதாக.

மாதவி அவரைப் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நாக்கு கடிபட்டு வலித்தது. தலைக்குள் யாரோ பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி இன்னும் வாசலில்தான் நின்றது. மித்ரா-பாபுவின் மருமகள் குழந்தையை இன்னும் இறக்கி விடவில்லை.

"வங்காளியில சொல்லுங்கோ," என்றாள்.

"மாது, நீ மொதல்ல எழுந்து..."

"அன்னிக்கு எல்லாருக்கும் புரியும்படிதானே சொன்னேள்? அதே மாதிரி சொல்லுங்கோ. முதல் வார்த்தையை மட்டும் மாத்தினாப் போறும்."

அப்பா கேஷ்டோவின் கழுத்திலிருந்து சுருக்கை எடுத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றார். மூன்று தலைமுறை வங்காளி அவர் வாயில் ஒரு முறை தடுக்கியது.

"ஆமார் மேயேர்," என்று ஆரம்பித்தார். என் மகளுக்கு.

"சத்தமா," என்றாள் மாதவி, கீழே படுத்தபடியே.